ரேடிகல் என்றால் தீவிரமா?

ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்து அப்படியே விட்டுவிடுவது என் பழக்கம். 'ரேடிகல்' என்ற ஆங்கிலப் பெயரடையைப் பற்றிய குறிப்பும் அப்படித்தான் நோட்டில் ரொம்ப நாளாகக் கிடந்தது. அதை எடுத்து எழுத வைத்தது எங்கள் பெரியம்மா.

சூரமங்கலத்தில் எங்கள் வீடு சேலம் ஜங்ஷனுக்குப் பக்கம். (சேலம் ரயில் நிலையம் என்று ஊரெல்லாம் சொன்னாலும் அது இருப்பது சூரமங்கலத்தில்தான்.) ராசிபுரம் பக்கத்திலிருந்து யார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். பெரியம்மாவும் அண்ணனும் அப்படித்தான் வந்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று தெரிந்து, டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்.

நான் வேலை முடிந்து வந்தபோது பெரியம்மா உள்ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"டேய் தம்பி, டாக்டர் சீட்டுல என்னமோ ரேடிகல்னு எழுதியிருக்குது. போன்ல போட்டுப் பார்த்தேன். தீவிரம்னு வருது. அம்மா கேட்டுச்சு, நானும் சொல்லித் தொலைச்சிட்டேன். அதுலருந்து அழுதுட்டே இருக்குது. ஆபரேஷனே வேண்டாங்குது."

உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தீவிரமாயிருச்சாமா கண்ணு. அப்புறம் எதுக்கு அறுக்கோணும்? இருக்கற காசையும் அழிச்சுட்டுப் போறதுக்கு ஊட்லயே கெடந்துட்டுப் போறேன்" என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'மாடிஃபைட் ரேடிகல் மாஸ்டெக்டமி' என்று இருந்தது. ஆபரேஷனின் பெயர் அது. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் போன் அகராதி ஒற்றைச் சொல்லில் 'தீவிரமான' என்று போட்டுவிட்டது. தமிழ் தெரிந்த யாருக்கும் அந்த இடத்தில் அந்தச் சொல் என்ன சொல்லும்? தீவிர சிகிச்சைப் பிரிவு. உடல்நிலை தீவிரம். பெரியம்மா சரியாகத்தான் படித்தார். தப்பு மொழிபெயர்ப்பில்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

லத்தீனில் 'ராடிக்ஸ்' என்றால் வேர். அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'ராடிகாலிஸ்', வேரைச் சார்ந்தது. ஆங்கிலத்துக்கு 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தபோதும் அதே பொருள்தான். இன்றைக்கும் அந்த வேர் பல இடங்களில் வெளியே தெரிகிறது. விதை முளைக்கும்போது முதலில் வரும் முளைவேருக்கு 'ராடிக்கிள்' என்று பெயர். 'எராடிகேட்' என்றால் வேரோடு பிடுங்குவது. சாம்பாரில் போடும் முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் 'ராடிஷ்'. அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். வடக்கே அதே முள்ளங்கியை 'மூலி' என்கிறார்கள், அது 'மூலம்', அதாவது வேர் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மொழிகள் ஒரே கிழங்கைப் பார்த்து 'வேர்' என்றே பெயர் வைத்திருக்கின்றன.

கணக்கிலும் இதே கதை. √ என்ற குறிக்கு ஆங்கிலத்தில் 'ரேடிகல் சைன்' என்று பெயர். நாம் பள்ளிக்கூடத்தில் வர்க்கமூலம் என்று படித்தோமே, அந்த மூலமும் வேர்தான். ஆரியபட்டர் 'வர்க்கமூலம்' என்று எழுதினார். அரபு கணித நூல்களில் வேர் என்று பொருள்படும் 'ஜத்ர்' என்ற சொல் இருந்தது. அது லத்தீனுக்குப் போனபோது 'ராடிக்ஸ்' ஆனது. அந்தக் குறியை 'தீவிரக் குறி' என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் சொல்லமாட்டார். வேதியியலில் 1780களில் பிரான்சில் ஒரு அமிலத்தின் 'வேர்ப் பகுதி' என்ற பொருளில் இதே சொல்லை எடுத்தார்கள். இன்றைக்கு 'ஃப்ரீ ரேடிகல்' என்று முகப்பூச்சு விளம்பரம் வரைக்கும் வந்துவிட்டது. அதைத் தமிழ்ப் பாடப்புத்தகம் 'தனி உறுப்பு' என்கிறது. வேர் அங்கே காணாமல் போய்விட்டது, ஆனால் பயமுறுத்தவில்லை.

அப்புறம் 'தீவிரம்' எங்கிருந்து வந்தது?

அரசியலிலிருந்து. 1790களில் இங்கிலாந்தில் பாராளுமன்றத் தேர்தல் முறையை ஒட்டுப்போட்டால் போதாது, வேரிலிருந்து மாற்ற வேண்டும் என்றவர்கள் 'ரேடிகல் ரிஃபார்ம்' கேட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களையே 'ரேடிகல்ஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயரடை பெயராக மாறியது. ஆளும் வர்க்கம் அவர்களைப் பார்த்துப் பயந்தது, அந்தப் பயமும் சொல்லில் ஒட்டிக்கொண்டது. வேருக்குப் போகிறவன் என்பது மெல்ல மெல்ல எல்லை மீறிப் போகிறவன் என்றாயிற்று. இருபத்தோராம் நூற்றாண்டில் 'ரேடிகலைஸ்' என்ற வினை செய்தித்தாளில் வந்தால் அது இளைஞர்களை வன்முறைப் பாதைக்கு இழுப்பது என்றுதான் பொருள். அந்த இடத்தில் 'தீவிரவாதம்' என்று எழுதுவது சரியே. அதில் எனக்குச் சண்டை இல்லை.

தமிழிலும் 'தீவிரவாதி' ஒரே பொருளில் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: கோகலே மிதவாதி, திலகர் தீவிரவாதி. வ.உ.சி. தீவிரவாதிகள் பக்கம். எழுபது எண்பது வருஷம் கழித்து அதே சொல் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு ஆகிவிட்டது. இப்போது ஒரு பையன் 'வ.உ.சி. தீவிரவாதி' என்று பரீட்சையில் எழுதினால் படிக்கிற நமக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போடுகிறது.

'தீவ்ர' என்றால் சமஸ்கிருதத்தில் கூர்மை, கடுமை, உக்கிரம். அதாவது எவ்வளவு என்று சொல்கிற சொல். 'ரேடிகல்' அடிப்படையில் எதுவரை என்று சொல்கிற சொல். இந்த ஒரே 'தீவிர'த்தை வைத்துத் தமிழில் எத்தனை ஆங்கிலச் சொற்களைச் சமாளிக்கிறோம் பாருங்கள். 'இன்டென்சிவ் கேர்' தீவிர சிகிச்சை. 'சீரியஸ்' தீவிரம். 'எக்ஸ்ட்ரீமிஸ்ட்' தீவிரவாதி. போலீஸ் விசாரணை எப்போதுமே தீவிர விசாரணை. (தீவிரம் இல்லாத விசாரணை ஒன்று இருப்பதாகச் செய்தித்தாளில் நான் படித்ததில்லை.) தீவிர ரசிகன். தீவிரப் புயல். இவ்வளவு சுமையைத் தூக்கும் சொல்லின் தலையில் 'ரேடிகலை'யும் ஏற்றிவிட்டோம்.

இதற்குக் காரணம் மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு இலக்கணச் சிக்கல் இருக்கிறது. 'ரேடிகல்' என்பதற்கு அச்சு அசலான சொல் தமிழில் உண்டு, அதை நாம் தினமும் பேசுகிறோம்: அடியோடு. அடி என்றால் மரத்தின் அடி, வேர் இருக்கும் இடம். 'ஆளே அடியோட மாறிட்டான்.' 'அடியோடு ஒழிக்கணும்.' பொருள் நகர்ந்த விதம்கூட ஒன்றுதான். 'அடியோட மறந்துட்டேன்' என்னும்போது அடியும் இல்லை, வேரும் இல்லை, முழுசா என்பது மட்டுமே மிச்சம். ஆங்கிலத்தில் 'ரேடிகலி டிஃபரன்ட்' என்னும்போதும் அதேதான், முற்றிலும் வேறு.

ஆனால் 'அடியோடு' வினையோடு சேரும் சொல். ஆங்கிலக்காரன் கேட்பது பெயருக்கு முன்னால் நிற்கும் அடை. 'ரேடிகல் சேஞ்ச்' என்றால் 'அடியோடான மாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்காது. உடனே கைக்குக் கிடைத்த பெயரடையைப் போட்டுவிடுகிறோம், அது 'தீவிர'. 'அடிப்படை மாற்றம்' என்று எழுதலாம், பல இடத்தில் நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அதில் சூடு குறைவு. அடிப்படை உறுப்பினர், அடிப்படை வசதி என்று கேட்டுக் கேட்டுச் சவசவத்துப் போன சொல் அது. என் அனுபவத்தில் நல்ல வழி, வாக்கியத்தையே திருப்பிவிடுவது. 'ஒரு ரேடிகல் மாற்றம் ஏற்பட்டது' என்பதை 'அடியோடு மாறியது' என்று எழுதினால் தீர்ந்தது. பெயரைக் கொண்டுவந்து உட்கார வைத்து அதற்கு அடை தேடுவதைவிட வினையை விட்டு வேலை வாங்குவது தமிழுக்கு எப்போதுமே வசதி.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'டிராஸ்டிக்'. இது பேச்சுத் தமிழிலேயே கலந்துவிட்ட சொல். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் நின்றால், "யாவாரம் டிராஸ்டிக்கா விழுந்துருச்சுங்க" என்று யாராவது சொல்வார்கள். ரேடிகல், டிராஸ்டிக் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அகராதியிலும் ஒன்றுக்கு ஒன்று இணைச்சொல்லாகப் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் பிறந்த வீடே வேறு.

'டிராஸ்டிக்' வைத்தியசாலையில் பிறந்தது. கிரேக்கத்தில் 'செய்' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. 'டிராமா'வும் அதே வினையின் பிள்ளை. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர்கள் அதை எடுத்தது ஒரே வேலைக்கு: வயிற்றைக் கழுவித் தள்ளும் கடுமையான பேதி மருந்துகளைக் குறிக்க. நம்மூர் நேர்வாளம் இருக்கிறதே, அதன் எண்ணெயை அந்தக் கால ஆங்கில மருந்து நூல்கள் 'டிராஸ்டிக்' வகையில்தான் சேர்த்தன. சொட்டுக் கணக்கு தப்பினால் ஆளையே சாய்த்துவிடும் சரக்கு. 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்தச் சொல் மருந்துக்கடையை விட்டு வெளியே வந்து, சட்டம், வரி, செலவுக் குறைப்பு எல்லாவற்றுக்கும் பொதுவானது.

பேதி மருந்தின் குணம் இன்னும் அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை. டிராஸ்டிக் என்றால் சட்டென்று, பலமாக, உடம்பு வலிக்க நடப்பது. அதனால்தான் அது 'மெஷர்ஸ்', 'ஆக்‌ஷன்', 'கட்', 'ரிடக்‌ஷன்' இவற்றோடு இயல்பாகச் சேர்கிறது. வேலைக்கு மனுப்போடும் பையன்கள் 'என் ஆங்கிலத்தில் டிராஸ்டிக் இம்ப்ரூவ்மென்ட்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். தப்பு என்று அடித்துவிட முடியாது, எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழகிய காதுக்கு அது 'நேர்வாளம் குடித்த மாதிரி முன்னேறினேன்' என்று கேட்கும். அங்கே 'டிராமாட்டிக்' போடச் சொல்வேன். அதே குடும்பம்தான், நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொருந்தும். மனிதரைச் சொல்வதிலும் வித்தியாசம் உண்டு. 'ரேடிகல் திங்க்கர்' உண்டு, 'டிராஸ்டிக் திங்க்கர்' கிடையாது.

தமிழில் டிராஸ்டிக்குக்கு நல்ல சொல் தயாராகவே இருக்கிறது, யாரும் உட்கார்ந்து ஆக்கவில்லை, செய்தித்தாளும் துணிக்கடையும் சேர்ந்து கொடுத்தது: அதிரடி. அதிரடி விலைக்குறைப்பு. அதிரடி நடவடிக்கை. மேட்டூர், கொளத்தூர் பக்கம் போனால் வீரப்பன் காலத்து அதிரடிப்படையை இன்னும் பேசுவார்கள். அதிர வேண்டும், அடி விழ வேண்டும். கிட்டத்தட்ட அந்தப் பேதி மருந்துதான்.

வேறுபாட்டை எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வைத்துச் சொன்னால் சுலபம். குச்சிக்கிழங்குக் காட்டில் கோரை மண்டிவிட்டது. ஆள் விட்டு மேலாகச் செதுக்கி எறிந்தால் சாயங்காலம் காடு பளிச்சென்று இருக்கும். அது டிராஸ்டிக். அடுத்த மழைக்குக் கோரை முன்னைவிட ஜோராக வரும், ஏனென்றால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. கிழங்கைத் தோண்டிப் பொறுக்கி வெளியே போட்டால், காடு பார்க்க அலங்கோலமாக இருக்கும், வாரக்கணக்கில் ஆகும், ஆனால் அது ரேடிகல்.

சேலம் வரலாற்றிலேயே இந்த இரண்டு சொல்லையும் உரசிப் பார்க்க நல்ல நிகழ்ச்சிகள் இருக்கின்றன. முதலாவது மதுவிலக்கு. 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தியவர் ராஜாஜி. கல்கி அதில் அவருக்கு உதவியாக இருந்தார். 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்து. ஒரே நாளில் கள்ளுக்கடை மூடினால் அது அதிரடிதான், டிராஸ்டிக்தான். ரேடிகலா? ராஜாஜி அப்படித்தான் நினைத்திருப்பார். ஏழைக் குடும்பத்தின் துன்பத்துக்கு வேர் குடியில் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. ஆனால் போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி அதை நிறுத்தி வைத்தது; சுதந்திரத்துக்குப் பிறகு மாகாணம் முழுக்க வந்தது; 1971-இல் மறுபடி கடை திறந்தது. வெட்ட வெட்டத் துளிர்த்த கதை.

ஆனால் இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் அதே அமைச்சரவை பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுதான் முதல் பொது விற்பனை வரி. மற்ற மாகாணங்களும் பின்னாலேயே வந்தன. 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை மாநிலங்களின் சொந்த வருமானத்துக்கு அதுவே முதுகெலும்பு. கடையை மூடியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஓட்டையை அடைக்க வந்த வரி, சர்க்கார் காசு சம்பாதிக்கும் முறையையே அடியோடு மாற்றிவிட்டது. என்னைக் கேட்டால் 'ரேடிகல்' பட்டத்தை அந்த வரிக்குத்தான் கொடுப்பேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

இரண்டாவது, 1944 ஆகஸ்ட் 27-ஆம் தேதி சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்ற கட்சி அன்றைக்குத் திராவிடர் கழகம் ஆனது. ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களையும், அவன் கொடுத்த கௌரவப் பதவிகளையும் விட்டுவிட வேண்டும் என்று 'அண்ணாதுரை தீர்மானம்' சொன்னது. பட்டத்தை விடு என்பது அதிரடி. சிலருக்கு அது வலித்தது; பி.டி. ராஜன் போன்றோர் பழைய பெயரிலேயே தனியே நின்றார்கள். ஆனால் அன்றைக்கு நடந்ததன் முழு அளவைப் பட்டத்தில் பார்க்க முடியாது. ஜமீன்தார்களும் வக்கீல்களும் தேர்தலில் நின்று மந்திரி ஆவதற்காக இருந்த கட்சி, தேர்தலே வேண்டாம் என்று தெருவில் இறங்கிப் பிரசாரம் செய்யும் இயக்கமாக மாறியது. யார் கட்சி, எதற்குக் கட்சி என்பதே மாறிவிட்டது. இங்கே ரேடிகல், டிராஸ்டிக் இரண்டும் ஒரே மேடையில் நடந்தன.

(ஒரு சின்னக் கொசுறு. அதே 1944-இல்தான் தேவநேயப் பாவாணர் சேலம் நகராட்சிக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார், பன்னிரண்டு வருஷம் இருந்தார். ஒரு சொல்லைப் பிடித்தால் வேர்ச்சொல் வரை போகாமல் விடாத மனிதர். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் பொருளில் அவர் ஒரு ரேடிகல்.)

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்ல முடியுமா? அவருக்கு நான் சொன்னது ஒரு காய்ச்சல் கதை.

மலேரியா வந்தால் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்களே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கே வந்திருக்கிறது. விவாக்ஸ் வகை மலேரியாவுக்கு முதலில் கொடுக்கும் மாத்திரையில் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் கிருமி ஈரலில் கொஞ்சம் பதுங்கித் தூங்கும். மாசம் கழித்துத் திரும்ப எழும். அதைத் தீர்க்கத்தான் பிரைமாகுயின் என்ற இன்னொரு மாத்திரையை 14 நாள் தினமும் தருவார்கள். அரசாங்க மலேரியாத் திட்டத்தில் அந்த வைத்தியத்தின் பெயர் என்ன தெரியுமா? 'ரேடிகல் ட்ரீட்மென்ட்'. காய்ச்சல் விட்டுப்போய் எழுந்து நடமாடுகிறவருக்குக் கொடுக்கிற மாத்திரை அது. அதில் எங்கே தீவிரம் இருக்கிறது? வேர் வரைக்கும் போவது, அவ்வளவுதான்.

"அப்ப எனக்கும் வேரோட எடுக்கறதா?" என்றார்.

ஆமாம் என்றேன். உண்மையில் அந்த ஆபரேஷனின் பெயர் அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1880களில் தொடங்கி, மார்பகத்தோடு அதற்கு அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்தார். புற்று ஒரு இடத்தில் வேர்விட்டு அங்கிருந்து சுற்றிலும் பரவுகிறது, அதனால் வேரும் வேரடி மண்ணுமாக எடுக்க வேண்டும் என்பது கணக்கு. நோய் மிச்சமில்லாமல் எடுக்கப் பார்த்ததால் அது ரேடிகல். ஆனால் பெண்களுக்குக் கையைத் தூக்க முடியாது, கை வீங்கும், நெஞ்சு குழிந்துவிடும். ரேடிகல் ஆக நினைத்தது நடைமுறையில் ரொம்பவே டிராஸ்டிக். 1948-இல் லண்டனில் பேட்டி என்ற மருத்துவர், பெரிய நெஞ்சுத் தசையை விட்டுவிட்டுச் செய்தாலும் பலன் குறையவில்லை என்று எழுதினார். அதுதான் 'மாடிஃபைட்', கொஞ்சம் தணித்தது. பிறகு 1970களில் பெர்னார்ட் ஃபிஷர் அமெரிக்காவில் நோயாளிகளைப் பிரித்து வைத்து நடத்திய பெரிய ஆய்வுகள், தசை வரை வெட்டியவர்கள் அதனால் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று காட்டின. இன்றைக்குப் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலே போதும் என்கிறார்கள். கட்டியின் அளவு, இடம், வசதி என்று பலதைப் பார்த்து டாக்டர் முடிவு செய்கிறார்.

ஆக, பெரியம்மாவின் சீட்டில் அவரைப் பயமுறுத்திய சொல்லுக்கு முன்னால் இருந்த 'மாடிஃபைட்' என்ற சொல்தான் அவர் கவனிக்க வேண்டியது. தசையை விட்டுவிடுவார்கள், கை வேலை செய்யும். அதை யாரும் அகராதியில் தேடவில்லை.

மறுநாள் அண்ணனோடு நானும் போனேன். டாக்டரிடம் நேராகவே கேட்டோம், நோய் எந்த அளவில் இருக்கிறது என்று. இரண்டாம் நிலை, அக்குளில் பரவியிருக்கிறதா என்பதை எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார். பொறுமையாகவே சொன்னார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் பெரியம்மா என்னைப் பார்த்தார். "நீ தமிழ்ல எழுதிக் குடு கண்ணு, படிச்சுட்டுப் போடறேன்." ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'இடது மார்பகத்தையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்கும் ஆபரேஷன். நெஞ்சுத் தசையை எடுக்கமாட்டார்கள்.' தீவிரமும் இல்லை, வேரும் இல்லை. இரண்டு தரம் படித்தார். அப்புறம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தாளை மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று அண்ணன் சீட்டை நீட்டினான். அதிலும் 'ரேடிகல்' இருந்தது.

"இது அதே வேர்தானேடா?" என்றான்.

அதே வேர்தான் என்றேன்.